நாலு விரல் குறைந்த அம்பு

நம் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் எல்லாரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். ஒரே ஷெட்டில், ஒரே வரிசையில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர், அந்த மேல்தோல், தைத்தவர்கள் நாம். ரிட்டையர் ஆனதும் ஒருத்தி பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்ததை எழுதுகிறாள். இன்னொருத்தி கொடுக்காப்புளி பறித்ததை எழுதுகிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. "நீ மட்டும் ஏண்டி கம்முனு கீற, நீயும் எழுது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் என்னிடம் கொடுக்காப்புளி இல்லை. எனக்குச் சின்ன வயது என்றால் பயம்தான். ஒரு கோடை முழுக்க நான் பயந்து செத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் தள்ளிவிட்டுப் போகலாம்.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை அது. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக என் இடது கையைப் பார்ப்பேன். விரல்களை மடக்குவேன், விரிப்பேன். ஐந்தும் மடங்கினால்தான் பாயைச் சுருட்டுவேன். சோறு சாப்பிடும்போது அந்தக் கையை மடியில் ஒளித்துவைத்துக்கொள்வேன். யாராவது அதைப் பிடித்து இழுத்தால் கத்துவேன். "இன்னாடி உனுக்கு, பேய் புடிச்சிக்கிச்சா?" என்று தெருவில் கேட்பார்கள். பேய் என்றால் தேவலை. அது ராத்திரிதான் வரும். எனக்கு வந்தது தேதி குறித்துவிட்டு வந்தது.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி. திரௌபதி அம்மன் திருவிழாவில் வில் வளைப்பு என்று ஒரு நாள் உண்டு. உயரமான கம்பத்தின் உச்சியில் மரத்தால் செய்த மீன் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். கம்பத்தின் அடியில் ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர். கூத்துக்காரர்கள் கதையைப் பாடுவார்கள். அர்ச்சுனனாக நின்று வில்லை வளைப்பது மட்டும் ஊர்ப் பிள்ளை. எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுப் பிள்ளை. வில் வளைப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. நாணைப் பிடித்த கை காதைத் தொட வேண்டும். தொட்ட நொடியில் மேளம் நிற்கும். அந்த அமைதியில் அம்பை விட வேண்டும். மீனில் படாவிட்டால் பரவாயில்லை. கை காதைத் தொடாவிட்டால் வில் வளையவில்லை, அந்த வருடம் ஊருக்கு ஆகாது என்பார்கள். அந்த வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்க மாட்டார்கள்.

அதற்கு முந்திய வருடம் வில் வளைத்தது என் அண்ணன். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஒரே கூரை, ஒரே அடுப்பு, கூடப் பிறந்தவன் மாதிரிதான். பெரியப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. என் அப்பா அவருக்குக் கீழே சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். வீட்டிலும் அவர்தான் மேஸ்திரி, கோயிலிலும் அவர்தான்.

அன்றைக்கு அண்ணன் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நின்றான். பதின்மூன்று வயதில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். நாணை இழுத்தான். கை காதைத் தொட்டது. மேளம் நின்றது. நான் அம்மாவின் பக்கத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லுக்கு முன்னால் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை என்று எனக்குப் பட்டது. என்ன இல்லை என்று தெரியவில்லை. அதற்குள் விட்டுவிட்டான்.

மீன் அசையவில்லை. அம்பும் எங்கேயும் போகவில்லை. அண்ணன் வில்லைக் கீழே போடக் கையை உதறினான். வில் விழவில்லை. அம்பு அவன் இடது கையில் கட்டை விரலின் அடியில் நுழைந்து, முன்பக்கமாக வந்து, வில்லின் பிடியில் குத்தி நின்றது. கையும் வில்லும் சேர்ந்து தைத்துப்போயிருந்தன. அவன் அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு கையையே பார்த்தான். அந்த மஞ்சள் துணியில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

பெரியப்பா ஓடிவந்தார். தூக்க வருகிறார் என்று நினைத்தேன். கையில் அம்போடு நின்ற பிள்ளையைக் கன்னத்தில் அறைந்தார்.

"எங்கடா துன்ன? காப்பு கட்டிக்கினு எங்கடா போய்த் துன்ன? அந்த பாய் வூட்டுக் கல்யாணத்துக்குப் போனியா? சொல்லுடா!"

வாணியம்பாடியில் அண்ணனுக்கு ஒரு தோஸ்த் இருந்தான். தோல் வியாபாரம் செய்கிற பாய் வீட்டுப் பையன். காற்றாடி கட்டுவதில் கெட்டிக்காரன். அந்த வாரம் அவன் அக்காவுக்குக் கல்யாணம். விரதத்தில் இருக்கும் பிள்ளை கறி தின்றால் அம்மன் தண்டிப்பாள் என்று ஊரே சொன்னது. அண்ணன் வாயே திறக்கவில்லை. பேசாததால் அவன் தின்றதாகவே முடிவாகிவிட்டது. பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

அடுத்த வருடமும் எங்கள் வீட்டு முறையே என்று பெரியப்பா சொல்லிவிட்டார். போன வருடக் குறையை அந்த வீடேதான் தீர்க்க வேண்டுமாம். வீட்டில் வேறு பையன் இல்லை. வயதுக்கு வராத பெண் பிள்ளை என்றால் தோஷமில்லை என்று கோயிலில் சொன்னார்கள். ஆகவே நான்.

"நான் மாட்டேன்" என்றேன்.

"கேட்டனா உன்னை?" என்றார் பெரியப்பா.

பழகுவதற்கு ஷாப்பின் பின்பக்கம் ஒரு இடம் கொடுத்தார்கள். ஆவாரம் பட்டை மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் குறி. பக்கத்தில் தோலிலிருந்து சுரண்டிய மயிர்க் குவியல். அந்த நாற்றத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் நம் தலைமுடியில் இருக்கும் நாற்றம் அது.

அண்ணன் மடங்காத விரல்களோடு, எனக்குப் பின்னால் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பான். முதல் வாரம் வெறும் நக்கல்தான்.

"ஓய் அர்ச்சுனரே, நாணை இஸ்க்கிறியா, மாட்டுக்குப் பால் கறக்கிறியா?"

"நீ மூடு. உன் கையைப் பாத்துக்கோ."

"என் கையைப் பாத்துக்கினுதான் கீறேன். நீ உன் கையைப் பாரு."

அந்தப் பேச்சைக் கேட்டதும் வில்லைக் கீழே போட்டுவிடுவேன். அவன் அதற்கு மேல் நக்கல் செய்ய மாட்டான். இறங்கி வந்து அம்பைப் பொறுக்கிக் கொடுப்பான்.

பழகுகிற அம்புகள் மெல்லிய மூங்கில் குச்சிகள். போன வருடம் அண்ணனும் தோஸ்தும் சேர்ந்து செய்தவை. நீளமாக வளர்ந்தபடியே, வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பறக்கும். ஒன்று மீன் போல வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு போகும். ஒன்று தலையை ஆட்டிக்கொண்டே, மேலும் கீழுமாகக் குதித்துப் போகும். ஒன்று எப்போதும் இடது பக்கமே போய்க் குத்தும்.

"இடது பக்கம் போவுதுன்னா குச்சி ஜாஸ்தி வெறைப்பு. வளைய மாட்டேங்குது. சுரண்டு" என்பான் அண்ணன்.

கண்ணாடித் துண்டால் மூங்கிலைச் சுரண்டுவேன். திரும்ப விடுவேன். கொஞ்சம் நேராகும். இன்னும் சுரண்டுவேன். கூடிவிட்டால் வலது பக்கம் போகும். அப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மேலும் கீழும் குதித்தால் தப்பு குச்சியில் இல்லை, நாணில் அம்பைப் பொருத்துகிற இடத்தில். நாணில் நூலைச் சுற்றி ஒரு முடிச்சு வைத்து, அதைத் துளித்துளியாக மேலே ஏற்றுவோம், கீழே இறக்குவோம். ஒரு நெல் அளவு நகர்ந்தால் போதும், குதிப்பது நின்றுவிடும். கோழி இறகைப் பசையால் ஒட்டி, இறகில்லாத குச்சியோடு சேர்த்து விட்டுப் பார்ப்போம். இரண்டும் ஒரே இடத்தில் போய்க் குத்தினால் அந்தக் குச்சி நல்ல குச்சி. அப்படித் தேறியவை கொஞ்சம்தான்.

அந்த நேரத்தில் மட்டும் பயம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லக் கூடாது.

காப்புக் கட்டுவதற்கு முந்திய நாள் அண்ணனைக் கணியம்பாடியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீட்டுப் பிள்ளை ஊரில் இருக்கக் கூடாதாம். பஸ் ஏறும்போது, "பட்டை மூட்டைக்கு மேல கண்ணாடித் துண்டு வச்சிக்கீறேன், எடுத்துக்கோ" என்றான். பிறகு அவன் எங்கள் வீட்டில் வாழவே இல்லை. அங்கேயே கழனி வேலைக்கு விட்டுவிட்டார்கள்.

காப்புக் கட்டிய அன்று பெரியப்பா கோயில் அம்பை வெட்டினார். கோயில் தூணில் மேலொன்று கீழொன்றாக இரண்டு கோடுகள் கொத்தியிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அம்பின் நீளம். என்றைக்கோ கொத்தியது. மூங்கிலைத் தூணில் வைத்து, மேல் கோட்டில் அறுத்து, கொல்லன் அடித்த இரும்பு முனையைத் தொப்பி போல மாட்டி, மஞ்சள் பூசி அம்மன் காலடியில் வைத்தார். இனிமேல் அதை யாரும் தொடக் கூடாது. சுரண்டக் கூடாது, மாற்றக் கூடாது. வில் வளைப்பு அன்றுதான் கையில் தருவார்கள்.

மறுநாள் காலை நான் பழகிய அம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. சும்மாதான். அம்பின் அடியைக் கீழ்க் கோட்டில் வைத்து நிமிர்த்திப் பிடித்தேன்.

வில்லின் பிடியில் ஆட்டுத் தோல் சுற்றியிருந்தது. ஷாப்பில் தோலுக்குப் போடுகிற மீன் எண்ணெய் அதில் ஊறியிருந்தது. நாணைக் காதுவரை இழுத்து நிற்கும்போது அம்பு அந்தத் தோலில் உரசும். உரசி உரசி, அம்பில் அந்த இடத்தில் ஒரு கறுப்பு எண்ணெய்க் கறை பிடித்திருந்தது. அதாவது, முழுக்க இழுத்தால் வில் வந்து நிற்கிற இடம் அந்தக் கறை.

தூணில் மேல் கோடு அந்தக் கறைக்குக் கீழே இருந்தது. நாலு விரல் கீழே.

எனக்கு உடனே புரியவில்லை. விரல்களை வைத்துத் திரும்ப அளந்தேன். நாலு விரல். அப்படியென்றால் கோயில் அம்பை நான் காதுவரை இழுத்தால் அதன் முனை வில்லுக்கு நாலு விரல் பின்னால் வந்துவிடும். வில்லுக்குப் பின்னால் இருப்பது என் கை.

வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் போன வருடம் பழகிய அம்பு ஒன்று கூரையில் செருகியிருந்தது. அதை உருவிக்கொண்டு திரும்ப ஓடினேன். அவன் கறை இன்னும் மேலே இருந்தது. ஒரு சாண் வித்தியாசம். கோயில் வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு அம்பையும் காட்டினேன். அம்மா புரிந்துகொண்டாள். அவள் முகம் வெளுத்ததே, அதிலிருந்து தெரிந்தது. அப்பாவிடம் சொன்னாள். அப்பா பெரியப்பாவின் முன்னால் போய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, புள்ள இன்னாவோ அளவு கம்மின்றா..."

"எது கம்மி?"

"அம்பு. நாலு விரல் கம்மியாம்."

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டு அம்பையும் நீட்டினேன். கறையைக் காட்டினேன். "பெரியப்பா, அண்ணன் ஒண்ணும் துன்னல. அம்புதான் கம்மி" என்றேன்.

அறை விழுந்தது. காதில் ஊஊ என்று சத்தம். அந்தக் காது இன்றைக்கும் கொஞ்சம் மந்தம்தான்.

"அம்மன் குடுத்த அளவுக்கு நீ கணக்கு சொல்றியா? என் தாத்தன் காலத்து அளவு அது. அத்தினி புள்ளைங்க வளைச்சாங்க, ஒருத்தன் கையாவது போச்சா? துன்னவன் கைதான் போச்சு. இன்னொரு தபா இந்தப் பேச்சு யார்கிட்டயாவது எடுத்தே, நாக்கை அறுப்பேன்."

இரண்டு அம்பையும் முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் போட்டார். மீன் எண்ணெய்க் கறை இருந்த இடம் சடசடவென்று பொரிந்தது. அந்த இரண்டு குச்சிதான் என் சாட்சி. எரிந்துபோயிற்று.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அத்தனை பிள்ளைகள் வளைத்தார்கள், யாருக்கும் கை போகவில்லை. அது எப்படி என்று வெகு காலம் கழித்துத்தான் யோசித்தேன். பழைய வழக்கப்படி பால் பல் விழாத பிள்ளைதான் வில் வளைக்க வேண்டும். ஐந்து ஆறு வயதுப் பிள்ளையின் கைக்குத்தான் தூணில் அந்த அளவைக் கொத்தினார்கள். பழைய வில் முறிந்ததும் இந்த ஆண்கள் பெரிய வில்லாகச் செய்தார்கள். பார்க்க அம்சமாக இருக்க வேண்டுமாம். அதைச் சின்னப் பிள்ளையால் வளைக்க முடியவில்லை. சரி, பெரிய பிள்ளையை நிறுத்து என்றார்கள். வில்லை மாற்றலாம், பிள்ளையை மாற்றலாம், அம்பை மட்டும் மாற்றக் கூடாது. மீசை வைத்த மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு இது. புதிய வில்லுக்கு முதல் பிள்ளை அண்ணன். இரண்டாவது நான்.

ஒரு மத்தியானம் அம்மா என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

"வலது கையைக் குடு."

"எதுக்கும்மா?"

"கொஞ்சமா சுட்டுக்கோ. கொப்புளம் வந்தா நாணைப் புடிக்க முடியாது. வேற வூட்டுப் புள்ளையைப் பாத்துக்குவாங்க. ஒரு வாரத்துல ஆறிடும். குடு, கண்ணு."

என் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லின் பக்கம் கொண்டுபோனாள். வெப்பம் உள்ளங்கையில் அடித்தது. நான் கத்தவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் போனதும் என் கையைத் தூக்கி எறிந்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் ஒரு கையைக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்த ஒரே வழி என் இன்னொரு கை. அந்த வீட்டில் ஒரு மருமகளுக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு அம்மாவைப் பார்த்தாலும் பயம்.

பழகுவதை நிறுத்த முடியாது. பெரியப்பா வந்து வந்து பார்ப்பார். மிச்சமிருந்த நீளக் குச்சிகளை வைத்து விட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் கை ஓய்ந்துபோயிற்று. அப்போது விட்ட அம்பை எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டு கறைகள். ஒன்று பழைய இடத்தில். இன்னொன்று புதிதாக, அதற்கு ஆறு விரல் கீழே, என் பக்கமாக.

களைத்துப்போனதில் என் இடது முழங்கை மடங்கியிருக்கிறது. கை மடங்கினால் வில் என் பக்கமாக வருகிறது. வில் பக்கத்தில் வந்தால் குட்டை அம்பே போதும்.

அன்றிலிருந்து களைத்தவளைப் போல இழுக்கப் பழகினேன். ஆனால் அப்படி இழுத்தால் வலது கை கன்னத்தோடு நின்றுவிடும், காதுக்குப் போகாது. ஆகவே கையைக் காதுக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டுக் காதைக் கைக்குக் கொண்டுபோனேன். கழுத்தை முன்னால் நீட்டி, தலையைச் சாய்த்தால் காது வந்து கையில் படும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கை காதில் இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

ஒரே கஷ்டம், அப்படி விடுகிற அம்புக்கு வேகம் கிடையாது. வாலை ஆட்டிக்கொண்டு தாழ்ந்து, இடது பக்கமாகப் போய் விழும். என் குச்சி என்றால் சுரண்டிச் சரிசெய்யலாம். கோயில் அம்பைச் சுரண்ட முடியாது. மீனில் படாது என்று எனக்கு அப்போதே தெரியும். படாவிட்டால் போகட்டும்.

வில் வளைப்பு அன்று வெயில் நடுமண்டையில் இறங்கியது. மஞ்சள் துணியில் போன வருடக் கறை முழுதாகப் போகவில்லை. அதையே துவைத்து எனக்குக் கட்டியிருந்தார்கள். கோயில் அம்பைக் கையில் கொடுத்தார்கள். கொண்டுவந்து வெயிலில் வைத்திருந்த இரும்பு முனை சுட்டது. எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். அவள் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

மேளம் அடித்தது. அம்பைப் பொருத்தி இழுத்தேன். முழங்கையை மடக்கினேன். இடது ஆள்காட்டி விரலில் சூடாக இரும்பு வந்து பட்டது. அங்கேயே நிறுத்தினேன். இதற்கு மேல் ஒரு விரல் இழுத்தாலும் கை போய்விடும். தலையைச் சாய்த்தேன். காது கையில் பட்டது.

மேளம் நிற்கவில்லை. பெரியப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் கை காட்டினால்தான் மேளக்காரன் நிறுத்துவான்.

"முழங்கையை நீட்டுடி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் நீட்டவில்லை.

"ஊரே பாக்குது. நீட்டுடீ!"

அவர் கை என் முழங்கையில் விழுந்தது. அடியிலிருந்து பிடித்து நேராக்கத் தள்ளினார். விரலில் பட்டுக்கொண்டிருந்த சூடு நகர்ந்தது. இரும்பு பின்னால் போகிறது. விரலைத் தாண்டி, பிடியைத் தாண்டி உள்ளே இறங்கப் போகிறது. அந்த நொடியில் எனக்குப் பெரியப்பாவும் இல்லை, அம்மனும் இல்லை. விட்டுவிட்டேன்.

டங் என்று சத்தம். அம்பு குடத்தில் போய் அடித்தது. குடம் உருண்டது. தண்ணீர் எல்லாம் மண்ணில். மேளம் தானாகவே நின்றது.

என் ஆள்காட்டி விரலில் தோல் வழித்துக்கொண்டு போயிருந்தது. ரத்தம் வந்தது. நான் விரல்களை மடக்கினேன், விரித்தேன். ஐந்தும் மடங்கின. அங்கேயே நின்று சிரித்துவிட்டேன் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை. பெரியப்பா அடித்தது ஞாபகம் இருக்கிறது.

"பொட்டப் புள்ள கையில குடுத்தா இப்பிடித்தான். தெம்பு இல்ல" என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் பெண் பிள்ளையின் கையில் வில்லைக் கொடுப்பதில்லை. ஒரு வருடம் தின்றவன் என்றார்கள், அடுத்த வருடம் பொட்டை என்றார்கள். அம்பைப் பற்றி ஒருத்தனும் பேசவில்லை. அடுத்து முறை வந்த வீட்டில் ஒரு தாய் அழுது அடம்பிடித்து, நாணைத் தளர்த்திக் கட்டவைத்தாள். அப்படியே காதில் கை வைத்து நிற்பதோடு முடித்துக்கொண்டார்கள். இப்போது பிளைவுட் வில். பேரப்பிள்ளைகள் செல்போனில் படம் எடுக்கிறார்கள்.

அந்த ஐந்து விரலை வைத்துத்தான் நான் உங்களோடு உட்கார்ந்து அப்பர் தைத்தேன். பீஸ் கெட்டால் சூப்பர்வைசர் கத்துவானே, நீங்கள் எல்லாரும் நடுங்குவீர்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரும். ஏன் என்று கேட்பீர்களே, இதனால்தான்.

இதோடு முடித்திருப்பேன். போன மாதம் என் பேத்தி கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். கிழவராகிவிட்டார். அவர் இருக்கும் இடத்தில் அம்பு என்ற சொல்லையே யாரும் எடுக்க மாட்டோம். எடுத்தால் எழுந்து போய்விடுவார். தாலி கட்ட நேரமாகும் என்று முன்னாலேயே பந்தி போட்டார்கள், பிரியாணி. அவர் இலையைத் தள்ளிவைத்துவிட்டு ரசம் சோறு கேட்டார். இத்தனை வருடமாக அவர் கறி தொடுவதில்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன்.

"ஆம்பூர்ல பொறந்துட்டு பிரியாணி வேணாம்னா எப்பிடிண்ணா? இன்னா வேண்டுதல் அது?" என்று கேட்டேன்.

"வேண்டுதல் இல்லடி." இலையையே பார்த்தார். "நான் நெஜமாவே துன்னேன். அன்னிக்கு, தோஸ்த் அக்கா கல்யாணத்துல. ஒரு தட்டு. எங்கப்பா சும்மா குத்துமதிப்பா சொன்னாரு, அது சரியாப் போச்சு. அம்மன் பாத்துட்டா. இந்த வாயாலதான் இந்தக் கை போச்சு. அதுக்கப்புறம் அந்த தோஸ்த் மூஞ்சியில நான் முழிக்கல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுபது வயது தாண்டியும் இந்த மனிதர் பயந்துகொண்டிருக்கிறார். பந்தலில் ஒரு மூங்கில் கழி கிடந்தது. எடுத்து அவர் இடது கையில் திணித்தேன்.

"புடி. வில்லு மாதிரி புடி."

"இன்னாடி இது, கல்யாண வூட்டுல..."

"புடிண்ணா!"

பிடித்தார். மடங்காத இரண்டு விரலைத் தவிர மற்ற மூன்றால் பிடித்தார். நான் அவர் தழும்பில் விரலை வைத்தேன். கட்டை விரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம்.

"உள்ள போன தழும்பு எங்க கீது? இங்க. உன் பக்கம். வெளிய வந்தது எங்க? முன்னாடி. அம்பு முனை வில்லுக்கு முன்னாடி இருந்திருந்தா இங்க எப்பிடிக் குத்தும்? முனை உன் கைக்குப் பின்னாடி வந்திருச்சி. அம்பு ஒரு சாண் கம்மிண்ணா. நான் அளந்து பாத்தேன். சொன்னேன். அறை வாங்கினேன். ரெண்டு அம்பையும் உங்கப்பா அடுப்புல போட்டாரு. நீ ஒரு அண்டா பிரியாணி துன்னிருந்தாலும், ஒரு பருக்கை துன்னாம இருந்திருந்தாலும் இதேதான்."

அவர் கழியைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். கையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். மெதுவாக வலது கையால் இல்லாத நாணைப் பிடித்து இழுத்தார். காதுவரை போனார். அங்கேயே நின்றார். பந்தலில் சனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப... பிரியாணி இல்லியா?"

"இல்ல."

கழியைக் கீழே வைத்தார்.

"அவன் என்னைத் தேடி வந்தானா?"

"வந்தாரு. ஆஸ்பத்திரியிலிருந்து நீ வந்தப்பவும் வந்தாரு, அப்புறமும் வந்தாரு. தெருமுனையிலேயே உங்கப்பா கல்லெடுத்து அடிச்சாரு. உனுக்குக் காத்தாடி ஒண்ணு கொண்டாந்திருந்தாரு. அதையும் கிழிச்சுப் போட்டாரு."

அண்ணன் எழுந்தார். நாற்காலிக்கு அடியில் இருந்த பையை மூன்று விரலால் தூக்கிக்கொண்டார். செருப்பைத் தேடினார்.

"எங்கண்ணா? இன்னும் தாலி கட்ட..."

"வாணியம்பாடி பஸ்ஸு இங்கதான நிக்கும்?"

"அவர் இருக்காரோ இல்லியோண்ணா. எந்தத் தெருவோ, இன்னாவோ."

"கேட்டுக்கறேன்." வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அந்த மஞ்சள் துணி கட்டிய பையன் இருந்தான். "பயமாக்கீதுடி" என்றார். "நீயும் வா."

பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்காரவைத்து, அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.